வெயிட்டைக் குறைங்க அண்ணாச்சி

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுதச் சொன்னது மதுரை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லும் பெண். வாய்க்குள் போனதையும் உடம்பு செய்த வேலையையும் ஒளிக்காமல் எழுதவேண்டுமாம். எண்ணெய்க் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி மண்டியில் சும்மாதான் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு வாய்க்குள் போனது: ரெண்டு இட்லி, கோதுமைக் கஞ்சி, கீரை, ரெண்டு சப்பாத்தி. இதற்குப் பெயர் சாப்பாடு என்றால் பட்டினிக்கு என்ன பெயர் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கவேண்டும்.

விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். என் மனைவி பொன்ராணியின் கல்லீரல் ரெண்டு வருஷமாகக் கெட்டுக்கொண்டே வருகிறது. அவள் உடம்பே அவள் ஈரலைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறதாம். மருந்து இனிமேல் கேட்காது, இன்னொருவர் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி வைக்கவேண்டும், கார்த்திகை வரை தள்ளக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவள் தம்பிக்குச் சர்க்கரை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மிச்சம் நான்தான். ரத்தம் பொருந்தியது. ஸ்கேன் எடுத்தார்கள், என் ஈரல் முழுக்கக் கொழுப்பு.

"விருதுநகர்ல பருப்பு மண்டி வச்சிருக்கவனுக்குக் கொழுப்பு இருக்கத்தானம்மா செய்யும்" என்று சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அக்டோபர் நாலாம் தேதி திரும்பப் பார்ப்போம், அதற்குள் கரைத்துக்கொண்டு வாருங்கள், நடந்தால் மட்டும் போதாது, தசைக்கு வேலை கொடுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது பொன்ராணி கார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திருமங்கலம் தாண்டியதும் சொன்னாள்: "விட்ருங்க. ஒருத்தர் படுத்தாப் போதும். வீட்ல ரெண்டு பேரும் படுக்கணுமா?" பதில் சொன்னால் சண்டைதான் வரும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜிம்மில் சேர்ந்தாயிற்று. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய பஞ்சு குடோனில் நடக்கிறது. ஓனர் பெயர் ஆரோக்கியம். பெயரைக் கேட்டதுமே பாதி குணமான மாதிரி இருந்தது. மாஸ்டர் எங்கே என்று கேட்டேன். மாஸ்டர் போன மாதம்தான் துபாய் போய்விட்டாராம், புது ஆள் கிடைக்கவில்லையாம். மெஷின் இருக்கிறது, நாலு சுவரிலும் கண்ணாடி இருக்கிறது, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள், தப்பாக வந்தால் கண்ணாடி சொல்லும் என்றார். கண்ணாடி வேறு ஒன்றைச் சொன்னது. இருபது வருஷம் கல்லாவிலேயே உட்கார்ந்து நான் என்னவாக ஆகியிருக்கிறேன் என்பதை நாலு பக்கத்திலிருந்தும் சொன்னது.

மாஸ்டர் உள்ள ஜிம் மதுரை ரோட்டில் ஒன்று உண்டு. அதை ஏழு மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஏழு மணிக்கு எனக்கு லாரி வந்துவிடும். ஆகவே கண்ணாடிதான் மாஸ்டர்.

முதல் நாளே வேட்டியோடு போய் நின்றுவிட்டேன். சைக்கிள் மெஷினில் ஏறினால் வேட்டி செயினுக்குள் போய்விடும் அண்ணாச்சி என்று ஆரோக்கியம் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்த மட்டுக்கும் அவருக்கு நன்றி. கடைக்குப் போய் டிரவுசர் எடுத்து வந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்றைக்கு மானம் போனது. ஆனாலும் ஒரு நல்ல மனுஷன் கிடைத்தான்.

மல்லாந்து படுத்துக் கம்பியை நெஞ்சுக்கு மேலே தூக்கும் பெஞ்ச் ஒன்று இருக்கிறது. என் கணக்கு எளிய கணக்கு. எவ்வளவு பாரம் கூடுகிறதோ அவ்வளவு கொழுப்பு கரையும். எனவே பக்கத்துப் பையனைவிட ஒரு இரும்புத் தட்டு கூடவே மாட்டினேன். கம்பி இறங்கி வந்தது. நெஞ்சில் உட்கார்ந்தது. அப்புறம் அது ஏறவில்லை.

அப்போது தலைமாட்டில் ஒரு முகம் தலைகீழாகத் தெரிந்தது. "அண்ணாச்சி, வெயிட்டக் கொறைங்க" என்றது.

எனக்கு வந்ததே கோபம். ஆஸ்பத்திரியில்தான் அதைச் சொல்கிறார்கள் என்றால் இங்கேயுமா? கம்பிக்கு அடியில் கிடந்துகொண்டே "அதுக்குத்தான்யா இங்க வந்திருக்கேன்" என்றேன். அந்த ஆள் சிரித்த சிரிப்பில் கம்பியைத் தூக்கிவிடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தூக்கிவிட்டு, தான் சொன்னது என் உடம்பை அல்ல, கம்பியில் இருக்கும் இரும்பை என்று விளக்கினான். பெயர் ஹக்கீம். ரயில்வே கேட்டில் வேலை. அவனுக்கும் மாஸ்டர் கிடையாது. ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் போனில் பார்த்துப் பார்த்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டானாம். குறைந்த பாரம், சரியான முறை, மெதுவாக. அவன் எனக்குச் சொன்னது அம்புட்டுத்தான். எதற்காக வந்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று.

செப்டம்பர் 3, புதன்

மண்டியில் மூடை எண்ணும்போது யாரும் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டோம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவோம். எங்கள் அப்பா படியால் அளந்த காலத்திலிருந்தே அப்படித்தான், என் வாய்க்கு ஒன்று என்ற எண்ணே கிடையாது. இன்றைக்கு ஜிம்மில் கையில் இரும்புக் கட்டையைத் தூக்கும்போது சத்தமாகவே வந்துவிட்டது. லாபம், ரெண்டு, மூணு. பத்து முடித்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் லாபம்.

ரெண்டு பேர் சிரித்தார்கள். ஹக்கீம் மட்டும் யோசித்துவிட்டு, "சரியாத்தான் அண்ணாச்சி இருக்கு. மொதத் தடவ தூக்குறது மட்டுந்தான் சொகமா இருக்கு, அது லாபந்தான். மத்ததெல்லாம் நட்டம்" என்றான். அப்புறம் அவனும் லாபம் என்றே ஆரம்பித்தான். நான் கிளம்பும்போது வரிசையாக நாலு பேர் லாபம் லாபம் என்று கத்திக்கொண்டிருக்க, ஆரோக்கியம் இது ஜிம்மா கமிஷன் கடையா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் இதைச் சொன்னேன். பொன்ராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. நாளைக்கும் ஏதாவது நடக்கவேண்டும், சொல்வதற்கு.

செப்டம்பர் 9, செவ்வாய்

மண்டியில் கேலி தாங்க முடியவில்லை. கணக்கப்பிள்ளை சௌந்தரம் நான் ஜிம் டிரவுசர் வைத்திருந்த பையைப் பார்த்துவிட்டு, பொண்ணு எந்த ஊர் அண்ணாச்சி, எங்களுக்கும் பத்திரிகை உண்டா என்று கேட்டார். லோடுமேன்கள் எல்லாம் ஒரே சிரிப்பு. நானும், பொண்ணு வீட்டில் உம்மைத்தான் மாப்பிள்ளைத் தோழனாகக் கேட்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன்.

காரணத்தைச் சொல்லலாம். பொன்ராணி சொல்லக்கூடாது என்கிறாள். "சொன்னா ஊரே என்னத்தான் பாக்கும். புருஷன அறுக்க வந்தவளுன்னு" என்கிறாள். அவள் கையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவில் எண்ணெய்ப் புரோட்டாக் கடை. சட்டியில் புரோட்டா பொரியும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கிறது. இந்த ஊரில் பிறந்தவன் அந்தக் கடையை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறான் என்றால் அவனுக்குச் சிலை வைக்கவேண்டும். கடைக்காரர், கோபமா அண்ணாச்சி, ஆளையே காணோமே என்று கூப்பிட்டுக் கேட்டார். கோபமெல்லாம் இல்லை, இத்தனை வருஷமாக நீர் போட்ட எண்ணெயைத்தான் இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பொன்ராணிக்கு வயிறு வீங்கிவிட்டது. மதுரையில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். சாயங்காலம் திரும்பினோம். வீட்டுப் படியில் கால் வைத்தாள், ஏற முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் யோசிக்கவில்லை. குனிந்து, ஹக்கீம் சொன்ன மாதிரி முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, தூக்கிவிட்டேன். படி ஏறி, கூடம் தாண்டி, கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். மூச்சு வாங்கவில்லை.

"பருப்பு மூடைன்னு நெனச்சீங்களாக்கும்" என்றாள்.

அந்த இரும்புக் கட்டைகளுக்கெல்லாம் ஒரு கும்பிடு போடவேண்டும் என்று தோன்றியது. கும்பிடு போடும்போது அழுகையும் வரும்போல இருந்ததால் முகம் கழுவப் போய்விட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜிம் விடுமுறை. எடை பார்த்தேன், நன்றாகவே இறங்கியிருக்கிறது. பெல்ட்டில் புதுசாக ஓட்டை போடவேண்டியதாயிற்று. ஆணியை வைத்து நானே போட்டேன்.

உட்கார்ந்து யோசித்தேன். இந்த உடம்புக்கு நாற்பத்தொன்பது வருஷத்தில் நான் என்ன செய்திருக்கிறேன்? புரோட்டா போட்டேன். உட்காரவைத்தேன். வலித்தால் திட்டினேன். அது ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இப்போது நாலு நல்ல வேலை சொன்னதும், இதற்காகவே காத்திருந்த மாதிரி ஓடி வருகிறது. ஈரலும் அப்படித்தானாம், பாதியை வெட்டிக் கொடுத்தாலும் கொஞ்ச நாளில் தானே வளர்ந்துகொள்ளுமாம். இப்படி ஒரு பொருளை உள்ளே வைத்துக்கொண்டு, அதில் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தேன் பாருங்கள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் மண்டியில் தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு ஜிம்முக்குப் போனால், ஒவ்வொரு மெஷினிலும் சந்தனம், குங்குமம். ஓடுகிற மெஷினுக்கு மாலை. ஆரோக்கியம் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் இந்த ஒரு நாள் மட்டும் யாரையும்விடச் சிரத்தையாகப் பூசணிக்காய் உடைப்பார் என்று ஹக்கீம் சொன்னான். ஹக்கீமும் பொரி கடலையைக் கை நிறைய வாங்கித் தின்றுகொண்டிருந்தான்.

ஒரு அரைமணி நேரம் மட்டும் விடுங்கள், சனிக்கிழமை எனக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுக்கலாமா அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா என்றார் ஆரோக்கியம். தெரியும். என் தராசையே நான் இன்றைக்குத் தொடவில்லை. பேசாமல் வந்துவிட்டேன். பொரியையும் தின்னக்கூடாது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. இன்றைக்குத் தொட்டது துலங்கும். கதவு திறந்ததும் முதல் ஆளாக நான்தான். நேற்றைக்கு விட்டதையும் சேர்த்து, நாளைக்கு விடப்போவதையும் சேர்த்து, கால், நெஞ்சு, முதுகு, தோள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஹக்கீமுக்கு இன்றைக்கு டியூட்டி, தடுக்க ஆள் இல்லை. தொட்டே பார்க்காத மெஷின்களையும் தொட்டுவிட்டேன். பாரத்தையும் ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை டாக்டரம்மா என் ஈரலைப் பார்த்து அசந்துபோகவேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. பொன்ராணிதான் சீவிவிட்டாள். நாளைக்கு மதுரை.

அக்டோபர் 4, சனி

காலையில் ஸ்கேன். கொழுப்பு இறங்கிவிட்டது, ஈரலை எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது என்று ஸ்கேன் எடுத்தவரே சொன்னார். ரத்தமும் எடுத்தார்கள். டாக்டரம்மா வெளியூர், திங்கட்கிழமைதான் வருவார். வழியில் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஈரல் புண்பட்டால் ரத்தத்தில் ஏறும் ரெண்டு என்சைம் எனக்கு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா, பவுடர் ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று மறுபடியும் கேட்டார்கள். எதுவும் இல்லை என்றேன். "இந்த நெலமையில உங்க லிவர எடுக்க முடியாது சார். வேற யாராவது இருந்தாப் பாத்து வைங்க" என்றார்கள்.

வேறு யார் இருக்கிறார்கள்?

அக்டோபர் 5, ஞாயிறு

என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. ஏழு வாரம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினேன். கீரையா, கஞ்சியா, சொன்னதெல்லாம் தின்றேன். எனக்கும் அவளுக்கு வந்த வியாதியே வந்துவிட்டதோ என்னவோ.

பொன்ராணி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். நறுக்கியதையே மறுபடியும் நறுக்கினாள். அவளுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்தேன். விட்டுவிடுங்கள், விட்டுவிடுங்கள் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "நீ நெனச்சது நடந்துருச்சுல்ல, இப்பச் சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இந்த நாக்கை என்ன செய்தால் தகும்?

அக்டோபர் 6, திங்கள்

மண்டிக்குப் போகவில்லை. பத்து மணி இருக்கும். பொன்ராணி என் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அவளே பேசினாள். டாக்டரம்மாவைத்தான் கொடுக்கவேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றாள். போனில் யாரிடமும் உரக்கப் பேசாதவள். அப்படியே எழுதுகிறேன், மறக்கக்கூடாது.

"டாக்டரம்மா, ரெண்டு வருசம் முன்னாடி எனக்கு மொதமொதல்ல இந்த என்சைம் ஏறுனப்ப, இங்க ஒரு டாக்டர் கேட்டாரு. பழக்கமில்லாம பாரம் எதுவும் தூக்குனியாம்மா, தசை நொந்தாலும் இது ஏறும்னாரு. நான் எதுவும் தூக்கல. இவரு தூக்கிருக்காரு. வியாழக்கிழம ஜிம்முல எல்லாத்தையும் தூக்கிருக்காரு. வெள்ளிக்கிழம அவரால தலை சீவ முடியல, நாந்தான் சீவிவிட்டேன். சனிக்கிழம நீங்க ரத்தம் எடுத்தீங்க."

டாக்டரம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டோம். மாஸ்டர் யார் என்றார். மாஸ்டர் இல்லை, கண்ணாடிதான் என்றேன். இந்த முறை அவர் சிரித்தார். சனிக்கிழமை எடுத்த ரத்தத்திலேயே தசைக்கான பரிசோதனை ஒன்றும் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். தசைதானாம். ஒரு வாரம் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்காமல் இருந்துவிட்டு, பதினாலாம் தேதி வரச்சொன்னார். நான் பொன்ராணியைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஜிம்முக்குப் போய் இனி வரமுடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஹக்கீமிடம் மட்டும் முழு விஷயத்தையும் சொன்னேன். இவ்வளவு நாளாகக் கேட்காதவன் இன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். கடைசியில், மதினிக்காக வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் துவா செய்கிறேன் என்றான். அப்புறம் நான் தூக்கப்போன என் பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வண்டி வரைக்கும் அவனே கொண்டுவந்து வைத்தான். உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன.

அக்டோபர் 10, வெள்ளி

சும்மா இருப்பது கடினமாக இருக்கிறது. கை துறுதுறுக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை இருங்கள் என்றார்கள். வராண்டாவில் பெஞ்சில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து எழுந்து நடந்ததில் செக்யூரிட்டி வந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். எல்லாம் இறங்கிவிட்டது. ஈரல் சுத்தமாக இருக்கிறது. தீபாவளி முடிந்து இருபத்து மூன்றாம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். நன்றியை வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லுங்கள், அவர் போன் செய்யாவிட்டால் தேவையில்லாத பரிசோதனைகளில் ஒரு மாதம் போயிருக்கும், அந்த ஒரு மாதம் அவருக்கு இல்லை என்றார்.

மறுபடியும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். கார் வர நேரமிருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏழு வாரமாக வேண்டாம் வேண்டாம் என்றவள், அன்றைக்குப் பேசாமல் இருந்திருந்தால் அவள் சொன்னதே நடந்திருக்குமே, ஏன் போன் செய்தாய் என்று கேட்டேன்.

பொன்ராணி ரிப்போர்ட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"வேணாம்னு நான் சொன்னப்பெல்லாம் ஒண்ணும் தெரியல. அவங்க முடியாதுன்னு சொன்னப்பத்தான் தெரிஞ்சுச்சு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு இருக்கணும்போல இருக்குங்க. உங்க வயித்த அறுத்து நான் இருக்கணும்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. ஒரு நாள் பூரா வாயே வரல. இப்பக் கேக்குறேன். குடுங்க."

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சேலை, நகை, ஊர் போவது, எதையும் அவள் வாய் திறந்து கேட்டதில்லை. நானாக எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். இன்றைக்குத்தான் முதல்தடவையாக என்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். நல்லவேளை, அது என்னிடம் இருக்கிறது.